பெருமையையும் வியப்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்: தமிழ்நாட்டில் அவற்றின் வரலாறு

கிரேட், கிராண்ட், எக்ஸலண்ட், சூப்பர், ஆசம், டெரிஃபிக், பிரில்லியண்ட் முதலியவை ஒருவரின் அல்லது ஒரு பொருளின் உயர்வைக் குறிக்கவும், அதைக் கண்டு ஏற்படும் வியப்பைச் சொல்லவும் ஆங்கிலத்தில் பயன்படும் சொற்கள். இவற்றுள் பல இன்று தமிழ்ப் பேச்சிலும் கலந்துவிட்டன. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் கிடைக்கும்: சிறந்த, அருமையான, வியக்கத்தக்க. ஆனால் இவை பிறந்த இடம் வேறு, வளர்ந்த விதம் வேறு, தமிழ்நாட்டுக்குள் நுழைந்த வழியும் வேறு. சில சொற்கள் சாலைகளின் பெயராகவும் நில அளவையின் பெயராகவும் வந்தன. சில அரசாங்கக் கடிதங்களில் வந்தன. சில திரையரங்கு வாசலில் வந்து இறங்கின. வந்த வழியின் மண் ஒவ்வொரு சொல்லிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் மொழிபெயர்த்தால் "கிரேட் ஃபேமின்" என்பது "சிறந்த பஞ்சம்" ஆகிவிடும். இப்படி எழுதிய விடைத்தாளை நானே திருத்தியிருக்கிறேன்.

அளவைக் குறித்த கிரேட்

கிரேட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பருத்த, தடித்த, பெரிய என்றே பொருள். ஜெர்மன் மொழியின் குரோஸ், டச்சு மொழியின் குரோட் ஆகியவை அதன் உறவுச் சொற்கள். உருவத்தின் அளவைச் சொன்ன சொல் பின்னர் தகுதியையும் சொல்லத் தொடங்கியது. "ஆகா, நன்று" என்ற பேச்சுவழக்குப் பொருளில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே பழைய பெயர் ஒன்றில் கிரேட் வந்தால் முதலில் அளவையே நினைக்க வேண்டும். கிரேட் பிரிட்டன் என்ற பெயரிலும் தற்பெருமை ஏதும் இல்லை. பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி சிறிய பிரிட்டன். கடலுக்கு அப்பால் உள்ள தீவு பெரிய பிரிட்டன். 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாக இணைந்தபோது அதுவே நாட்டின் பெயராயிற்று.

சென்னைக்கு இந்தச் சொல்லோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் சுமார் ஏழரை மைல். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்து இமயமலை வரை சென்ற பணிக்கு 1818இல் "கிரேட் டிரிக்னாமெட்ரிகல் சர்வே" என்று பெயரிட்டார்கள். இங்கே கிரேட் என்பது பணியின் பரப்பைக் குறிக்கிறது. "மாபெரும் முக்கோண அளவை" என்றால் சரி. "சிறந்த முக்கோண அளவை" என்றால் வேறு ஏதோ மட்டமான அளவை இருந்ததுபோல் ஆகிவிடும். லாம்டன் கையாண்ட கோணமானிக்கும் கிரேட் தியோடலைட் என்றே பெயர். அரை டன் எடையுள்ள கருவி அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதை ஏற்றும்போது கயிறு தவறி, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. பெயரிலேயே "பெரிய" என்று தாங்கிய இரண்டும் மோதிக்கொண்டதில் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவியைத்தான் பல வாரம் பழுதுபார்க்க வேண்டியிருந்தது.

அதே கோயில் 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்க்கப்பட்டபோது மூன்றுக்கும் பொதுவாக யுனெஸ்கோ வைத்த ஆங்கிலப் பெயர் "கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ்". தாராசுரம் கோயில் உயரத்தில் தஞ்சைக் கோயிலின் பாதிகூட இல்லை. ஆனால் அதன் கல் வேலைப்பாட்டைப் பார்த்தவர்கள் அங்கே கிரேட் என்ற சொல்லை மறுக்க மாட்டார்கள். லாம்டன் காலத்துக் கிரேட் எடையிலும் நீளத்திலும் இருந்தது; யுனெஸ்கோவின் கிரேட் தகுதியில் இருக்கிறது. இருநூறு ஆண்டு இடைவெளியில் சொல்லின் இரண்டு பொருள்களும் தஞ்சையிலேயே கிடைத்துவிடுகின்றன.

பஞ்சத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தை ஆங்கில வரலாற்று நூல்கள் கிரேட் ஃபேமின் என்கின்றன. நம் மக்கள் அதற்கு அடைமொழி தேடவில்லை. அது தொடங்கிய தமிழ் ஆண்டின் பெயரையே சேர்த்துத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். மாணவர்கள் இதைப் பெரும்பஞ்சம் என்று எழுதலாம். முதல் உலகப் போரையும் இரண்டாவது போர் வரும்வரை ஆங்கிலேயர் கிரேட் வார் என்றே அழைத்தார்கள். பெரும்போர் என்பதே அதன் பொருள்.

மன்னர் பெயருக்குப் பின்னால் வரும் கிரேட் வேறு வகை. அது பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் சூட்டுவது. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆங்கில மன்னர் ஆல்ஃபிரடுக்கு அந்த அடைமொழி நிலைத்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். அக்பர் என்ற அரபுச் சொல்லுக்கே "மிகப் பெரியவர்" என்றுதான் பொருள். எனவே "அக்பர் தி கிரேட்" என்பது பெரியவர் பெரியவர் என்று இருமுறை சொல்வது. துருக்கிச் சுல்தான் சுலைமானை ஐரோப்பியர் "தி மேக்னிஃபிசென்ட்", அதாவது பேரெழில் வாய்ந்தவர் என்றார்கள். அவருடைய சொந்த நாட்டினருக்கு அவர் கானூனி, சட்டம் வகுத்தவர். ஒருவரிடம் எது பெருமை என்பதில் அண்டை வீட்டாரும் வீட்டாரும் ஒத்துப்போவதில்லை போலும்.

கிராண்ட் சாலைகள்

கிராண்ட், பெரிய அல்லது முழு வளர்ச்சி பெற்ற என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நான் வசிக்கும் வெள்ளானூரைச் சுற்றி இந்தச் சொல் சாலையாகவே கிடக்கிறது. வடகிழக்கே செங்குன்றம் வழியாகச் செல்வது கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு. தெற்கே பூவிருந்தவல்லி வழியாக மேற்கு நோக்கிச் செல்வது கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு. தாம்பரம், செங்கல்பட்டு வழியாகச் செல்வது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. டிரங்க் என்றால் அடிமரம். கிளைச் சாலைகள் பிரியும் தலைச்சாலை என்பது கருத்து. மக்கள் வாயில் இவை ஜி.என்.டி. ரோடு, ஜி.எஸ்.டி. ரோடு என்று சுருங்கிவிட்டன. 2017இல் சரக்கு சேவை வரி வந்த புதிதில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்ட பிள்ளைகள் உண்டு. கிராண்ட் என்ற சொல் அந்த எழுத்துக்குள் ஒளிந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வந்ததில்லை.

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் சென்னைப் பகுதிக்குப் பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1979இல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. பெரியார் என்பதும் பெருமை குறித்த பட்டமே. 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ராமசாமிக்கு அந்தப் பட்டம் வழங்கப்பட்டது. 2021இல் அந்தச் சாலையின் பெயர்ப்பலகையில் மீண்டும் கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு என்று எழுதப்பட்டதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாலையின் அளவைச் சொன்ன ஒரு பெருமைச் சொல்லுக்கும், மனிதரின் தகுதியைச் சொன்ன ஒரு பெருமைச் சொல்லுக்கும் இடையே வந்த வழக்கு என்று மொழி ஆசிரியனாகிய எனக்குத் தோன்றியது.

கல்லணையை ஆங்கிலேயர் கிராண்ட் அனிகட் என்றார்கள். அனிகட் என்பது நம் அணைக்கட்டுதான். அது ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. நாம் ஒரு சொல்லைக் கொடுத்து ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்ட கணக்கு இது. பெற்றுக்கொண்ட கிராண்டை வைத்து நாம் செய்ததுதான் சுவையானது. இன்று தமிழ்ப் பேச்சில் "கல்யாணம் கிராண்டா நடந்தது", "புடவை கிராண்டா இருக்கு" என்றால் செலவு, சரிகை, பகட்டு என்று அர்த்தம். "எளிமையும் கம்பீரமும் கலந்த" என்ற கருத்து ஆங்கிலக் கிராண்டில் இருக்க இடமுண்டு. தமிழ்க் கிராண்டில் எளிமைக்கு இடமே இல்லை.

அலுவலகத்தில் வந்த எக்ஸலென்சி

எக்ஸலண்ட் என்பது "மேலே உயர்ந்து நிற்றல்" என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. மாணவனின் நோட்டில் ஆசிரியர் எழுதும் எக்ஸலண்டும், ஆளுநருக்கு முன்னால் போட்ட ஹிஸ் எக்ஸலென்சியும் ஒரே வேர். ஆங்கில ஆட்சிக் காலத்தில் இத்தகைய மரியாதைச் சொற்களுக்குக் கண்டிப்பான வரிசை இருந்தது. ஆளுநர் எக்ஸலென்சி, சுதேச மன்னர் ஹைனஸ். முதல் உலகப் போரில் பெருந்தொகை கொடுத்து உதவிய ஐதராபாத் நிசாமுக்கு வெறும் ஹைனஸ் போதவில்லை. 1918இல் அவருக்கு மட்டும் ஹிஸ் எக்ஸால்டட் ஹைனஸ், அதாவது உயர்த்தப்பட்ட உயர்வு என்று ஒரு தனிப் பட்டம் உண்டாக்கினார்கள். புகழ்ச் சொல் தேய்ந்தால் அதன் தலையில் இன்னொரு சொல்லை ஏற்றுவது அரசாங்கங்களுக்கும் வழக்கம்தான்.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. எக்ஸலென்சி மட்டும் நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2012 அக்டோபரில், பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது, உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அந்த அடைமொழியைக் கைவிடுவதென்று முடிவானது. அயல்நாட்டவருடன் பழகும்போது மட்டும் மரபுப்படி அது தொடர்கிறது. தமிழில் "மேதகு" என்ற அழைப்பிதழ்ச் சொல் "மாண்புமிகு" ஆனதற்குப் பின்னணி இதுதான்.

அச்சத்தில் பிறந்த சொற்கள்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் கடிதம். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி ஒன்பதாம் வகுப்புக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு பையன் "தங்கள் சொற்பொழிவு ஆஃபுல் ஆக இருந்தது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ஆஃபுல் என்றால் இன்று படுமோசம் என்று பொருள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் எழுந்து நின்று சொன்ன காரணம் இது: "பியூட்டியோட ஃபுல் சேர்ந்தா பியூட்டிஃபுல். ஒண்டரோட சேர்ந்தா ஒண்டர்ஃபுல். அப்போ ஆவோட சேர்ந்தா நல்லதுதானே சார்?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பையன் தவறு செய்யவில்லை, முந்நூறு ஆண்டு தாமதமாகப் பிறந்துவிட்டான் என்று. ஆ என்ற ஆங்கிலச் சொல், அச்சம் என்று பொருள்படும் பழைய நார்வேச் சொல்லிலிருந்து வந்தது. பின்னர் தெய்வத்தின் முன்னும் பேரரசர் முன்னும் ஏற்படும் பயபக்தியைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஆஃபுல் என்றால் "பயபக்தி ஊட்டுகிற" என்றும் பொருள் உண்டு; கடவுளையே அப்படிச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கீழே இறங்கி மோசம் என்றாகிவிட்டது. அதே வேரில் பிறந்த ஆசம் நேர் எதிராக ஏறியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வழங்கிய அச்சொல், 1980களில் அமெரிக்க இளைஞர் பேச்சில் "பிரமாதம்" என்ற பொருளில் பரவி, இன்று நம் பிள்ளைகளின் செல்பேசிச் செய்திகளில் மிதக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று கெட்ட பெயர் எடுத்தது, ஒன்று நல்ல பெயர் எடுத்தது.

டெரிஃபிக் என்பதும் இப்படித்தான். இலத்தீனில் அது "திகில் உண்டாக்குகிற". மில்டன் 1667இல் வெளியிட்ட பேரடைஸ் லாஸ்ட் காவியத்தில் பாம்பைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பாராட்டுச் சொல்லாயிற்று. ஆனால் அதன் உடன்பிறப்பான டெரிபிள் இன்னும் திருந்தவில்லை. டிரெமெண்டஸ் என்றால் "கண்டு நடுங்கத்தக்க". நில அதிர்வைக் குறிக்கும் டிரெமர் அதற்கு உறவு.

இதையெல்லாம் ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நாம் சிரிக்க முடியாது. நம் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். "பயங்கர டேஸ்ட்" என்கிறோம். பயங்கரம் என்றால் பயத்தைச் செய்வது. டெரிஃபிக் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் சமம். பிரமாதம் என்ற வடசொல்லுக்கு மூலத்தில் கவனக்குறைவு, பிழை என்று பொருள். தமிழில் அது ஆபத்து என்ற பொருளையும் பெற்று, "ஒன்றும் பிரமாதமில்லை" என்று ஆறுதல் சொல்ல உதவி, கடைசியில் சாம்பாருக்கும் கச்சேரிக்கும் பாராட்டாகிவிட்டது. அட்டகாசம் என்றால் உரத்த சிரிப்பு. இன்றும் செய்தித்தாளில் "ரவுடிகள் அட்டகாசம்" என்று ஒரு பக்கம், "அட்டகாசமான ஆட்டம்" என்று விளையாட்டுப் பக்கம். அபாரம் என்பது கரையில்லாதது. பாரசீகத்திலிருந்து வந்த சபாஷ் மட்டும் யாரையும் பயமுறுத்தவில்லை: "மகிழ்ந்திரு" என்ற வாழ்த்தின் சுருக்கம் அது. ஜோர் என்றால் அதே மொழியில் வலிமை.

சென்னைக்கே உரிய ஒரு சான்றும் உண்டு. மேலே சொன்ன பெரும்போரின் தொடக்கத்தில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. பீதியில் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கப்பலே இரண்டு மாதத்துக்குள், நவம்பரில், கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலால் அழிக்கப்பட்டது. ஆனால் சொல் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று பெரியவர்கள் சொன்னால் அதில் பாதி பயம், பாதி மெச்சல். ஒரு கப்பலின் பெயர் டெரிஃபிக் ஆனதை ஒரு தலைமுறை தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது.

அச்சமும் வியப்பும் இப்படி நெருங்கியவை என்பதைத் தொல்காப்பியர் எப்போதோ கண்டிருக்கிறார். மெய்ப்பாட்டியலில் அவர் சொல்லும் எட்டு உணர்வுகளில் மருட்கை எனப்படும் வியப்பும் அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அச்சம் தோன்றும் இடங்களாகக் கள்வரையும் விலங்கையும் சொல்வதோடு, அணங்காகிய தெய்வத்தையும் ஒருவனுடைய தலைவனையும் சேர்க்கிறார். ஆ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வியப்புக்கு அவர் கூறும் நான்கு காரணங்களில் பெருமை, புதுமை, ஆக்கம் ஆகியவற்றோடு சிறுமையும் ஒன்று. மிகச் சிறியதைக் கண்டும் வியக்கலாம் என்பது அளவை மட்டும் பார்த்த கிரேட்டுக்கும் கிராண்டுக்கும் எட்டாத செய்தி.

திரையரங்கிலிருந்து வந்த சூப்பர்

சூப்பர் என்றால் இலத்தீனில் "மேலே". இந்தச் சொல் தமிழ்நாட்டுக்குள் முதலில் வந்தது அலுவலகத்தில்தான்: சூப்பரின்டெண்டென்ட். மேலிருந்து பார்ப்பவர், கண்காணிப்பாளர். அதில் புகழ்ச்சி கிடையாது. மாறாக, அவர் வருகிறார் என்றால் எழுத்தர்கள் குனிந்துகொள்வார்கள். மனிதனைவிட மேலான மனிதன் என்ற பொருளில் சூப்பர்மேன் என்ற சொல்லை 1903இல் பெர்னார்ட் ஷா தம் நாடகத் தலைப்பில் வைத்தார். 1938இல் அமெரிக்கப் படக்கதையில் அதே பெயரில் ஒரு வீரன் வந்தான். பிறகு சூப்பர் மார்க்கெட், சூப்பர் ஃபாஸ்ட் ரயில்.

தமிழ்த் திரையுலகில் அதுவரை பட்டங்கள் தமிழிலேயே இருந்தன: நடிகர் திலகம், மக்கள் திலகம், காதல் மன்னன். 1978இல் வந்த பைரவி படத்தின் விளம்பரத்தில் அதன் சென்னை விநியோகஸ்தர் கலைப்புலி எஸ். தாணு ரஜினிகாந்துக்குச் சூப்பர் ஸ்டார் என்ற அடைமொழியைச் சேர்த்தார். 1992இல் வந்த அண்ணாமலை முதற்கொண்டு அந்தச் சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் மின்னித் தோன்றுவது வழக்கமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்து வடிவில் அடையாளம் கண்டார்கள். பாராட்டுச் சொல் ஒன்று ஆங்கிலத்திலிருந்து தமிழ்த் தெருவுக்கு இறங்கியதில் இவ்வளவு வெளிச்சமான பாதை வேறொன்றுக்கும் இல்லை.

இன்று சூப்பர் தமிழ் இலக்கணத்துக்குள் குடியேறிவிட்டது. "சூப்பரா பாடுறா", "சூப்பரான சாப்பாடு", "சூப்பரோ சூப்பர்" என்று விகுதி ஏற்கிறது. ஆங்கிலேயர் பேச்சில் தனித்து நிற்கும் சூப்பர் சற்றுப் பழைய பாணி. அமெரிக்கர் அதை "மிக" என்ற பொருளில் வேறு சொற்களுக்கு முன் வைக்கிறார்கள். ஆகவே ஆங்கிலக் கட்டுரையில் ஒவ்வொரு வரியிலும் சூப்பர் எழுதும் மாணவர் தமிழ்ச் சூப்பரைத்தான் எழுதுகிறார். தொல்காப்பியர் உரியியலில் மிகுதியைக் குறிக்க உறு, தவ, நனி என்று மூன்று சொற்களை அடுக்கினார். எங்கள் தெருவில் பிள்ளைகள் ஒரே சொல்லை வைத்து இட்லியையும் ராக்கெட்டையும் பாராட்டுகிறார்கள்.

பொய்யும் ஒளியும்

மற்றவற்றை விரைந்து பார்த்துவிடலாம். ஃபென்டாஸ்டிக் கற்பனையில் மட்டும் உள்ளது, ஃபேபுலஸ் கட்டுக்கதையில் வருவது, இன்க்ரெடிபிள் நம்பமுடியாதது. 2002இல் தொடங்கிய "இன்க்ரெடிபிள் இந்தியா" சுற்றுலா விளம்பரத்தில் அது புகழ்ச்சி. அதே சொல் ஒரு வழக்கில் சாட்சியத்தைப் பற்றி வந்தால் சாட்சி பொய் சொல்கிறார் என்று அர்த்தம். மார்வலஸ், மிராக்கிள், அட்மைர் மூன்றும் "வியத்தல்" என்ற ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. ஷேக்ஸ்பியரின் தி டெம்பஸ்ட் நாடக நாயகி மிராண்டாவின் பெயருக்கு "வியக்கத்தக்கவள்" என்று பொருள். கடற்படை அட்மிரலை இந்தக் குடும்பத்தில் சேர்க்கக்கூடாது. அவர் அரபு அமீரின் வழிவந்தவர். நைஸ் என்ற சாதுவான சொல் "அறியாத" என்ற இலத்தீன் சொல்லில் தொடங்கி, முட்டாள்தனமான, நுணுக்கம் பார்க்கிற என்றெல்லாம் அலைந்து, 18ஆம் நூற்றாண்டில் இனிமையானது ஆயிற்று. எல்லாவற்றுக்கும் நைஸ் என்று சொல்லும் வழக்கத்தை ஜேன் ஆஸ்டின் நார்தேங்கர் அபேயில் அப்போதே கிண்டல் செய்துவிட்டார். நாம் பாவம், "நைஸா நழுவிட்டான்" என்று அதற்கு இன்னும் ஒரு பொருள் கொடுத்தோம்.

பிரில்லியண்ட் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். பிரெஞ்சில் "மின்னுதல்" என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. அந்த வினைக்கு மூலம் பெரில் என்ற பச்சை நீலக் கல்லின் பெயராக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சி அகராதிகள் கூறுகின்றன. பெரில் என்ற பெயரோ கிரேக்கத்துக்கு இந்தியாவிலிருந்து, பிராகிருத மொழியின் வேளூரிய என்ற சொல் வழியாகச் சென்றது. நம் வைடூரியத்தின் உறவு அது. முதல் நூற்றாண்டு உரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தக் கல் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று குறித்திருக்கிறார். கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரில் அது தோண்டப்பட்டது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் அந்தக் கல்லைப் பட்டை தீட்டி மணி செய்த தொழிற்கூடத்தின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை இன்றும் பிரில்லெ என்பது அதே கல்லின் பெயரால்தான். அடுத்தமுறை யாராவது உங்களைப் பிரில்லியண்ட் என்றால், நொய்யல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏணிப்படியில் எந்தச் சொல் எங்கே

மாணவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது இந்தப் பகுதி. பேச்சில் எல்லாப் பாராட்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும், ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்பீடுகளில் சொற்களுக்குப் படிநிலை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பத்துப் புள்ளி முறையில் அவுட்ஸ்டாண்டிங் 10, எக்ஸலண்ட் 9, வெரி குட் 8, குட் 7. ஆக, குட் என்பது நான்காம் படி. பழைய ரேங்க் கார்டுகளில் ஃபேர் என்று எழுதியிருந்தால் பெற்றோர் அகராதி பார்த்து "அழகு, நியாயம்" என்று மகிழ்வதுண்டு. அங்கே அதற்குப் பொருள் சுமார் என்பதே. உச்சிப்படியில் நிற்கும் அவுட்ஸ்டாண்டிங்கும் இடம் மாறினால் தலைகீழாகிவிடும். வங்கிக் கடிதத்தில் உங்கள் கணக்கில் அவுட்ஸ்டாண்டிங் இருக்கிறது என்றால் நிலுவைப் பணம் கட்டவில்லை என்று பொருள்.

1954இல் தொடங்கிய பத்ம விருதுகளிலும் இந்த அளவெடுத்த சொல்வரிசையைக் காணலாம். பத்மஸ்ரீ சிறப்பான சேவைக்கு; பத்மபூஷண் உயர்ந்த தரத்திலான சிறப்பான சேவைக்கு; பத்மவிபூஷண் அசாதாரணமான, சிறப்பான சேவைக்கு. ஒரே ஓர் அடைமொழி கூடும்போது விருதே மாறிவிடுகிறது. இவை பட்டங்கள் அல்ல, எனவே பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்துப் போடக்கூடாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இந்த ஏணியை நான் தாமதமாகத்தான் கற்றேன். என்னிடம் படித்த ஒருவன் பல ஆண்டு கழித்து வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க நற்சான்று கேட்டு வந்தான். நான் முழு மனதோடு, எங்கள் தலைமுறை வழக்கப்படி, "இவர் குட் ஸ்டூடண்ட், சின்சியர், குட் கேரக்டர்" என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எங்கள் காலத்தில் ஓர் ஆசிரியர் குட் என்று எழுதினால் அதை வீட்டில் நான்கு பேரிடம் காட்டுவோம். மறுநாள் அவன் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தான். "சார், கோபிச்சுக்காதீங்க. அங்க இப்படி எழுதினா, சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு எடுத்துப்பாங்களாம்."

கோபம் வந்தது உண்மை. பிறகு உட்கார்ந்து புதிதாக எழுதினேன். எக்ஸலண்ட் போடலாமா, அவுட்ஸ்டாண்டிங் போடலாமா என்று யோசித்து இரண்டையும் விட்டுவிட்டேன். பத்தாம் வகுப்பில் மாலை நேரத்தில் தங்கி, கணக்கில் பின்தங்கிய நான்கு பையன்களுக்கு ஆறு மாதம் அவன் சொல்லிக்கொடுத்ததையும், அவர்கள் நால்வரும் தேர்ச்சி பெற்றதையும் எழுதினேன். அது முக்கால் பக்கம் வந்தது.